ஆகட்டும் சாமி

நீங்களே சொல்லுங்கள் தம்பி. ஒருவர் உங்கள் வீடு தேடி வருகிறார். உட்கார்ந்து ஒரு விஷயத்தைச் சொல்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்கள் "ஆகட்டும்" என்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம்? ஒத்துக்கொண்டேன் என்றுதானே? தமிழில் அதற்கு வேறு அர்த்தம் உண்டா?

ஜன்னலைச் சாத்த வேண்டாம், இருக்கட்டும். எனக்குக் காற்று வேண்டும். நீங்களும் காந்திபுரம் வரைதானா? நல்லதாகப் போயிற்று. சத்தியமங்கலத்தில் ஏறியதிலிருந்து யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசு கொதித்துக்கொண்டே இருக்கிறது. உங்களைப் பார்த்தால் படித்தவர் மாதிரி தெரிகிறது.

கோயமுத்தூரில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு நான் ஆஜராக வேண்டும். பயப்படாதீர்கள், நான் குற்றவாளி இல்லை, சாட்சி. மலை மேலே நெல்லிமாளம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்தச் சனங்கள் மனசொப்பிக் கீழே இறங்கினார்களா, இறக்கப்பட்டார்களா என்பதுதான் விசாரணை. மனசொப்பி இறங்கினார்கள் என்று ஆகிவிட்டால் கேஸ் அத்தோடு முடிந்தது. இல்லை என்று ஆனால் அந்தக் காட்டை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அது இன்றைக்கு என் ஒரு வார்த்தையில் இருக்கிறது. என் பெயர் நாச்சிமுத்து. அப்போது நான்தான் அங்கே மறுவாழ்வுத் திட்டத்துக்குத் தனி தாசில்தார்.

அந்த ஊர் இருந்த இடத்தைப் புலிகள் காப்பகத்தின் நடுப்பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். மேலே இருப்பவர்களைக் கீழே கொண்டுவந்து வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். திட்டத்துக்குப் பெயரே 'விருப்ப மறுகுடியமர்வு'. விருப்பம் என்பதுதான் முக்கியம் என்று மேலிடத்திலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கட்டாயம் கூடாது. அவர்களாகவே வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். சொல்ல வைப்பது உன் பொறுப்பு என்றார்கள்.

நான் என்ன அந்தச் சனங்களுக்குப் புதியவனா? அதற்கு முன்னாலேயே நலத்திட்ட வேலையாக எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். ஜீப் பாதி தூரம்தான் போகும். மீதி நடை. வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால் மூப்பன் ஓடிவருவான். நஞ்சமூப்பன் என்று பெயர். ஊருக்குப் பெரியவன், ஆனால் என்னைப் பார்த்தால் தலைத்துண்டு இடுப்புக்கு வந்துவிடும். கையைப் பிடித்துக் குடிசைக்குள்ளே கூட்டிப் போய்ப் பாய் விரிப்பார்கள். ராகிக் களியும் அவரைக் குழம்பும் வரும். தேன் வரும். நான் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை தம்பி. அவர்கள் வீட்டுக்குள்ளே, அவர்கள் பாயில் உட்கார்ந்து, அவர்கள் தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். எந்த அதிகாரி செய்வான்?

சாப்பிட்டு முடித்ததும் திட்டத்தைச் சொல்வேன். எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். "ஆகட்டும் சாமி."

ஒரு தடவை ஜெர்சி மாடு கொடுக்கிற திட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு மாடு. சொன்னேன். "ஆகட்டும் சாமி" என்றார்கள். நானும் சந்தோஷமாக இறங்கி வந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் என் வீட்டு வாசலில் மூப்பன் நிற்கிறான். தோளில் ஒரு மூட்டை நெல்லிக்காய். மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். என்னப்பா என்றேன். மாடு வேண்டாமுங்க சாமி, சிறுத்தைக்குத் தீனி போட எங்களால் ஆகாது என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏப்பா, இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தாயா, அன்றைக்கு அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். உள்ளே கூப்பிட முடியாது, எங்கள் தெரு அப்படி. வெளியிலேயே நிற்க வைத்து டீ கொடுக்கச் சொன்னேன். அதற்கென்று என் மனைவி ருக்குமணி ஒரு டம்ளர் தனியாக வைத்திருந்தாள். குடித்துவிட்டு, அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். நல்ல மனுசன்.

மாடு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது தம்பி, அவன் வருவதற்கு முன்னாலேயே ஆர்டர் போட்டாகிவிட்டது. சம்மதம் சொன்ன பிறகு எப்படி நிறுத்துவது? கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிற்று. பராமரிப்புக் குறைவு என்று மேலே தெரிவித்தோம்.

அப்புறம் கழிப்பறைத் திட்டம். அதற்கும் "ஆகட்டும் சாமி". அதற்கும் மூன்றாம் நாள் இரண்டு பேர் என் வீட்டு வாசலில். குடிக்கவே தண்ணீர் சுனையிலிருந்து சுமக்கிறோம், அதில் ஊற்ற எங்கே போவது, வேண்டாம் சாமி என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன பழக்கம்? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திட்டி அனுப்பினேன். கழிப்பறைகளைக் கட்டினோம். இன்றைக்கும் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள்... அதாவது, வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர்கள் நிலையில்லாதவர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு சொல்லில் நிற்க மாட்டார்கள்.

ஆனால் கீழே இறக்குகிற விஷயத்தில் நியாயம் எங்கள் பக்கம். அந்தச் சனங்கள் காலங்காலமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோடு வேண்டும் என்றார்கள். காட்டுக்குள்ளே ரோடு போடச் சட்டத்தில் இடமில்லை. கரண்ட் கேட்டார்கள். கம்பி இழுக்க அனுமதி இல்லை. வாத்தியார் கேட்டார்கள். போட்டோம். அவர் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு மருத்துவ விடுப்பில் போய்விட்டார், அதற்கு நான் என்ன செய்வது? பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிவந்து வழியிலேயே இரண்டு பேர் செத்தார்கள். எல்லாம் உண்மை. அதற்காகத்தான் ரோடு, கரண்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, கீழே இடம் பார்த்தோம். கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. மேலே இருந்துகொண்டு கேட்டால் மேலேயேதான் கொடுக்க வேண்டுமா? கொடுக்கிறவன் எங்கே கொடுக்கிறானோ அங்கே வந்து வாங்கிக்கொள்வதுதானே முறை?

இல்லை, நீங்கள் தலையாட்டுகிறீர்களா, பஸ் குலுங்குகிறதா என்று தெரியவில்லை. போகட்டும்.

கிராம சபைக் கூட்டம் போட்டோம். அவர்கள் கோயில் கல்லுக்கு முன்னால் இருக்கிற களத்தில். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பெயர் வேண்டாம், இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார். அவருக்கும் பாய், களி, தேன். அவர் களியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான்தான் சாப்பிட்டுக் காட்டினேன். பிறகு நான் எழுந்து விளக்கிச் சொன்னேன். காங்கிரீட் வீடு, பல்பு, குழாய், எல்லாம். கடைசியில் கேட்டேன். எல்லோரும் கீழே வந்துவிடுகிறீர்களா?

ஆண், பெண், கிழடு கட்டை, அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "ஆகட்டும் சாமி."

அந்தக் குரல் எதிரே இருக்கிற பாறையில் மோதித் திரும்பி வந்தது. ஏகமனதாகத் தீர்மானம் என்று அந்தப் பெரிய அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த பதவி உயர்வில் உன் பெயர் இருக்கும் என்றார்.

கிளம்பும்போது கெம்பி என்கிற பொம்பளை என் பின்னாலேயே வந்தாள். மூப்பனுக்குத் தங்கச்சி மகள். நல்ல கறுப்பு, நேராகப் பார்த்துப் பேசுவாள். "சாமி, உங்க வூடு பழைய வூடுதானா? மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். வீட்டைக்கூட விசாரிக்கிறாளே, என்ன பாசம் என்று நினைத்தேன் தம்பி. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு, வேப்ப மரம் இருக்கும் என்று நானே நின்று நிதானமாக அடையாளம் சொன்னேன். நானே சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் கோகிலவாணியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காங்கேயத்தில் பெரிய இடம். சொந்தமாக அரிசி ஆலை. பையன் பெங்களூரில் இன்ஜினீயர். ஜாதகம் அப்படிப் பொருந்தியிருந்தது. ருக்குமணி விடியலிலேயே எழுந்து கேசரி கிண்டி, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்துவிட்டாள். நல்ல நேரத்துக்குச் சரியாக இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். பையனுடைய அப்பா சோபாவில் உட்கார்ந்து, வீடு நல்லா இருக்குதுங்க என்றார். கோகிலவாணி தலை நிறையப் பூவோடு காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

தெருவில் யாரோ வருகிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

நெல்லிமாளமே வந்துகொண்டிருந்தது தம்பி. ஊரே. முன்னால் மூப்பன். பின்னால் கைக்குழந்தைக்காரிகள், கோல் ஊன்றின கிழவர்கள், பிள்ளைகள். எல்லோரும் துவைத்த துணி உடுத்தித் தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வருகிறார்கள். மூப்பன் கையில் ஒரு தேன் பாட்டில். ஒரு பொம்பளை தலையில் கிழங்குக் கூடை. வந்தார்கள், வேப்ப மரத்தடியில் என் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.

யாருங்க இது, இத்தனை சனம் என்று பையனுடைய அப்பா கேட்டார். ஆபீஸ் சமாச்சாரமுங்க, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

மூப்பன் எழுந்து கும்பிட்டான். என்ன மூப்பா இது, வீட்டில் விசேஷம், எதுவாக இருந்தாலும் நாளைக்கு ஆபீசுக்கு வா என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், சத்தம் போடவில்லை. அவன் ஒதுங்கி வழி விட்டான். கெம்பிதான் முன்னால் வந்தாள்.

"ஆபீசு எங்க வூட்டுக்கு வரலீங்களே சாமி. நீங்கதான வந்தீங்க. அதனால உங்க வூட்டுக்குத்தான் நாங்க வரோணும்."

எதற்கு வரவேண்டும் என்றேன்.

"அன்னைக்கு ஆகட்டும்னு சொன்னமுங்க."

ஆமாம், சொன்னீர்கள். அப்புறம் என்ன?

"வூடு தேடி வந்தவிய மொகத்தப் பாத்து ஆகாதுன்னு சொல்றது எங்களுக்கு வழக்கமில்லீங்க சாமி. தின்ன சோறு அவிய வவுத்துல தங்காது. ஆகட்டும்னு சொல்லி அனுப்பிப் போட்டு, அவிய வாசலுக்கு நாங்க போயித்தான் ஆகாததச் சொல்லோணும். யாரு ஆகட்டும்னு சொன்னாங்களோ அவியளே போகோணும். ஊரே சொல்லுச்சு. அதான் ஊரே வந்திருக்கறோம்."

தந்திரத்தைப் பார்த்தீர்களா? அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு. கேட்டால் வழக்கமாம். இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கேயாவது உண்டா தம்பி? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டாமா? சர்க்கார் என்ன இவர்கள் வீட்டு விருந்தாளியா?

ஒரு வார்த்தை பேசக்கூடாது, வாயைத் திறந்தால் அத்தனை பேரையும் உள்ளே தள்ளிவிடுவேன் என்றேன்.

"விருந்தாளிங்க இருக்கறாங்களாட்ட இருக்குது. அவிய போகட்டுமுங்க சாமி. நாங்க இருந்து சொல்லிப்போட்டுப் போறோம்" என்று அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்குள் ருக்குமணி ஒரு குடம் மோரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே இருக்கும்போது, இவள் வெளியே மலைச் சனத்துக்கு மோர் ஊற்றுகிறாள். டம்ளர் போதவில்லை என்று உள்ளே போய் நல்ல டம்ளர்களையும் எடுத்து வந்தாள். பையனுடைய அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தது. கேசரித் தட்டைத் தொடவில்லை.

நான் பின்பக்கம் போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். தெரிந்தவர்தான். அரசு ஊழியர் வீட்டை முற்றுகை என்றேன். முற்றுகைதானே? ஊரே வந்து வாசலில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் என்ன? உடனே ஒரு வேனும் ஒரு லாரியும் வந்தன. எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்தார்கள். ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். ஒரு கிழவனுக்கு ஏற முடியவில்லை, கான்ஸ்டபிள் ஒருத்தர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கிழங்குக் கூடை கவிழ்ந்து தெருவெல்லாம் உருண்டது.

கெம்பி வேனின் படியில் கால் வைத்தவள் திரும்பினாள். நான் வாசல்படியில் நிற்கிறேன். என்னை நேராகப் பார்த்தாள்.

"சாமி, நாங்க வரமாட்டோம். மலைய வுட்டு இறங்கறது எங்களுக்கு ஆகாது."

கத்தவில்லை தம்பி. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். பக்கத்தில் நின்ற மூப்பன் ஒரு பெருமூச்சு விட்டான். அத்தனை பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. போலீஸ் வேனில் ஏறுகிறவர்களுக்கு என்ன நிம்மதி? ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி. என் வாழ்க்கையிலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

உள்ளே வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நிற்கிறார்கள். உட்காருங்க, இன்னொரு காப்பி போடச் சொல்றேன் என்றேன். பையனுடைய அப்பா சிரித்த முகமாகக் கையைக் கூப்பினார்.

"பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. ஆகட்டும். ஊருக்குப் போய்க் கலந்துகிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க."

முடிந்தது. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ருக்குமணி அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோகிலவாணி தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தாள். அவருடைய பேச்சுக்கு யாராவது வந்து அர்த்தம் சொல்ல வேண்டுமா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. வந்த வீட்டில் உட்கார்ந்து, காப்பியும் குடித்துவிட்டு, உன் பெண் எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவா சொல்வார்கள்? மரியாதை தெரிந்தவர்கள் தம்பி, அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள். அவரை நான் குறையே சொல்ல மாட்டேன். அந்த மலைச் சனம் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என் மகள் இப்போது பெங்களூரில் இருப்பாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கணக்கனுக்குக் கட்டிக் கொடுத்து, அவள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தெருவில் கிடந்த கிழங்கையெல்லாம் ருக்குமணி பொறுக்கிக்கொண்டு வந்தாள். தேன் பாட்டிலையும் எடுத்து வந்தாள். வெளியே எறி என்றேன். அவள் எறியவில்லை. அவங்க சொல்ல வந்ததை ஒரு வார்த்தை காது கொடுத்துக் கேட்டுட்டு அனுப்பியிருக்கலாமில்ல என்று மட்டும் சொன்னாள். கிழங்கை வேகவைத்து அவள் மட்டும் சாப்பிட்டாள்.

பெரிய அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். மேலே இப்போது யார் இருக்கிறார்கள்? யாருமில்லை சார், எல்லோரும் கீழே வந்து மாட்டிக்கொண்டார்கள் என்றேன். அப்படியானால் இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, சம்மதம்தான் கையில் இருக்கிறதே என்றார்.

பெரியவர்களை ரிமாண்டில் வைத்தார்கள். கிழடுகளையும் பிள்ளைகளையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டோம். அந்த நாட்களில் நாங்கள் மேலே போய் வேலையை முடித்தோம். அடிதடி இல்லை, அழுகை இல்லை, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மற்ற இடங்களில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். நான் நின்று பார்த்துச் செய்தேன் தம்பி. குடிசைகளைக் கையால்தான் பிரிக்கச் சொன்னேன். ஒரு சட்டி பானை உடையவில்லை. எல்லாவற்றையும் இறக்கி லாரியில் ஏற்றினோம். நாய்களைத்தான் பிடிக்க முடியவில்லை, ஒவ்வொன்றும் அதன் வீடு இருந்த இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது. கோயில் கல்லைத் தொடவில்லை. எனக்கும் தெய்வ பயம் உண்டு.

ஜாமீனில் வெளியே வந்தவர்களை நேராகப் புதுக் காலனிக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு சாவியைக் கையில் கொடுத்தோம். பெயர்ப் பலகையில் 'புது நெல்லிமாளம்' என்று பெயிண்ட் அடித்து எழுதியிருந்தது. மூப்பன் சாவியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். இவர்கள் வாழ்க்கையில் கதவைப் பூட்டியதே இல்லை. எதற்கு சாமி இது என்று கேட்டான். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். வயசாயிற்று. காலனிக்குப் பக்கத்தில் கல் குவாரி இருக்கிறது, தூசி கொஞ்சம் உண்டு. ஆனால் வேலை வாசலிலேயே கிடைக்கிறதே. ஆம்பளைகளெல்லாம் இப்போது அங்கேதான் கல் உடைக்கிறார்கள். நாலைந்து குடும்பம் பொறுக்க முடியாமல் திருட்டுத்தனமாக மேலே ஏறிப் போய்க் குடிசை போட்டது. காட்டு இலாகாக்காரர்கள் ஆக்கிரமிப்பு என்று கேஸ் போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? சொந்த ஊரிலேயே ஆக்கிரமிப்பாளன் என்று பெயர் வாங்குகிற முட்டாள்களை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் கெம்பி சும்மா இருக்கவில்லை. யாரையோ பிடித்து, யாரோ ஒரு வக்கீல் பெண்ணைப் பிடித்து, இத்தனை வருஷம் அலைந்து கமிஷன் வரைக்கும் கொண்டு வந்துவிட்டாள். என் பதவி உயர்வும் அந்த மனுக்களாலேயே நின்றுபோயிற்று. தாசில்தாராகவே ரிட்டயர் ஆனேன்.

போன தடவை விசாரணையில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். சர்க்கார் வக்கீல் எடுத்ததும் கேட்டார். கிராம சபையில் ஆகட்டும் என்று சொன்னீர்களா, இல்லையா? சொல்லவே இல்லை என்று சாதித்திருக்கலாம் தம்பி. யார் நிரூபிக்க முடியும்? அவள் "சொன்னமுங்க" என்றாள். அவளுடைய வக்கீல் பெண்ணே தலையில் கை வைத்துக்கொண்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

நீதிபதி, அப்புறம் என்னம்மா என்று கேட்டார். அப்புறம் இவர் வீட்டுக்குப் போய் ஆகாது என்று சொல்லிவிட்டோம் என்றாள். அதற்கு யார் சாட்சி என்றார். போலீஸ் தரப்பில் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். காங்கேயத்துக்காரர்களை எங்கே போய்த் தேடுவது? ருக்குமணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். யார் சாட்சி என்று அவர் மறுபடியும் கேட்டார். அவள் கையை நீட்டினாள். என்னைப் பார்த்து நீட்டினாள்.

"அவருகிட்டத்தானுங்க சொன்னோம். அவரையே கேளுங்க. எங்க வூட்டுல உண்டவரு. மாத்திச் சொல்ல மாட்டாரு."

யார் யாருக்குச் சாட்சி பார்த்தீர்களா? அவள் கேஸுக்கு நான் சாட்சியாம். எவ்வளவு திமிர் இருந்தால் என்னைக் கேட்காமல் என்னை நம்புவாள்?

மதியம் வெளியே மரத்தடியில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வழியாகப் போக வேண்டியதாயிற்று. உண்டீங்களா சாமி என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டேன்.

நேற்று சர்க்கார் வக்கீல் போன் பண்ணினார். பெரிதாக எதுவும் வேண்டாம் சார், அன்றைக்கு ஒரே கூட்டம், வண்டிச் சத்தம், அந்த அம்மா என்ன சொன்னது என்று காதில் விழவில்லை, இவ்வளவு மட்டும் சொல்லுங்கள் என்றார்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? விழுந்ததா இல்லையா என்றா? இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லிக்கொண்டுதானே வந்தேன். உங்களிடம் சொல்வது வேறு, அங்கே சொல்வது வேறு. அங்கே போய் என் காதில் விழுந்தது என்று சொன்னால், அப்புறம் அந்த வீடுகளைப் பிரித்தது யார்? அந்த மூப்பன் செத்தது எதனால்? எல்லாம் என் தலையில் வந்து விடியும். சர்க்காரில் காலம் பூராவும் உழைத்திருக்கிறேன் தம்பி. ஒருத்தி என்னை நம்பிவிட்டாள் என்பதற்காக அத்தனையையும் தூக்கிக் கொடுக்க முடியுமா?

சரவணம்பட்டி தாண்டிவிட்டது. இனி நெரிசல்தான்.

காதில் விழவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். நீதிபதி எழுதிக்கொள்வார். அவள் கத்த மாட்டாள். மண்ணை வாரித் தூற்ற மாட்டாள். தூற்றினால்கூடப் பரவாயில்லை, நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்பேன். அவள் என்னைப் பார்த்து, ஆகட்டும் சாமி என்பாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆகட்டும் சாமி என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போவாள்.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். மேலே, கம்பியில்.

போன வாரம் என் வீட்டுக்குப் புது கேட் போட்டேன் தம்பி. ஆள் உயரத்துக்கும் மேலே. கம்பி போட்டது இல்லை, முழுத் தகரம். வெளியே யார் வந்து நின்றாலும் உள்ளே தெரியாது, பேசினாலும் கேட்காது என்று பட்டறைக்காரன் சொன்னான். அவன் பேச்சை எப்படி நம்புவது? நேற்று நானே தெருவில் போய் நின்று, கேட்டைச் சாத்திக்கொண்டு, சத்தமாகப் பேசிப் பார்த்தேன். உள்ளே கேட்கிறதா இல்லையா என்று சொல்லத்தான் வீட்டில் யாருமில்லை.